படத்துக்கு ஏது கணக்கு?

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மளிகைக் கடைக்காரர்கள் பற்று வரவு எழுதுவார்களே, அந்த மாதிரி நீளமான, கெட்டி அட்டை போட்ட நோட்டு. டெலிவிஷனில் எந்தப் பழைய தமிழ்ப் படத்தை எந்தத் தேதியில் போட்டார்கள் என்று அதில் எழுதி வருகிறேன். அகர வரிசையில் படத்தின் பெயர். பக்கத்தில் அது வெளிவந்த வருஷம். எதிரே, போடும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. "எடுத்த நாவல் முடிந்த பாடில்லை, இது ஒன்றுதான் குறைச்சல்" என்கிறாள் என் மனைவி. வாஸ்தவந்தான். ஆனால் நாவலை நான் எழுதாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் கணக்கை நான் எழுதாவிட்டால் எழுதுவதற்கு வேறு ஆள் இல்லை.

நோட்டைத் தொடங்கி வைத்தவள் என் பெரியம்மா. அவளுக்குப் பத்து வயசாக இருந்தபோது, 1939ல், 'தியாகபூமி' பார்த்தாளாம். கல்கியின் கதை, விகடனில் படத்தின் காட்சிகளையே சித்திரமாகப் போட்டுத் தொடராக வந்தது. கே. சுப்ரமணியம் டைரக்ட் செய்தார். சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன், சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி, குழந்தையாகப் பேபி சரோஜா. அப்புறம் பிரிட்டிஷ் சர்க்கார் படத்தைத் தடை செய்துவிட்டது. பெரியம்மா ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். ஆனால் கோர்ட்டில் சாவித்திரி பேசுகிற கட்டத்தை அடுப்படியில் நின்று நடித்தே காட்டுவாள்.

சென்னைக்கு டெலிவிஷன் வந்தது 1975ம் வருஷம் ஆகஸ்ட் 15ந் தேதி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெட்டி வாங்கினார்கள். ஞாயிறு சாயங்காலம் தெரு முழுக்க அந்தக் கூடத்தில்தான் இருக்கும். படம் முடிந்து திரும்பும்போது பெரியம்மா கேட்பாள்: "ஏண்டா, அடுத்த வாரமாவது தியாகபூமி போடுவானா?" எண்பதுகளின் பிற்பகுதியில் டில்லி தூர்தர்ஷன் ஞாயிறு மத்தியானங்களில் மாநில மொழிப் படங்களைப் போட்டது. ஆங்கில அகர வரிசைப்படி மொழிக்கு ஒரு வாரம். அஸ்ஸாமியில் ஆரம்பித்து, பெங்காலி, குஜராத்தி என்று நகர்ந்து தமிழுக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். பெரியம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். முறை வரும், வேறு ஏதாவது படம் வரும். பிறகு சானல்கள் பெருகின. ஒரு நாள் அவளே சொன்னாள்: "இதுவரைக்கும் என்னென்ன போட்டான்னு எழுதி வைடா. போட்டதையே போடறானா, இல்லை, போடாததையும் போடறானா, தெரிஞ்சு போகட்டும்." எழுத ஆரம்பித்தேன். 2011ல் பெரியம்மா போய்ச் சேர்ந்தாள். 'தியாகபூமி'க்கு எதிரே அன்று வரை கோடு விழவில்லை.

இன்று வரைக்கும் விழவில்லை. நான் ஊரில் இல்லாத நாளில் போட்டிருக்கலாம்; நடுநிசியில் போட்டிருக்கலாம். 'போட்டோம் ஐயா, இன்ன தேதியில்' என்று எடுத்துக் காட்ட அவர்களிடம் ஓர் ஏடு இருக்குமானால் நான் தோற்றுப் போகத் தயார். அந்த ஏட்டைத்தான் தேடிக்கொண்டு போனேன்.

ஒரு சானலின் காரியாலயம். பெயர் வேண்டாம், எல்லாரும் ஒரு குட்டையில் ஊறியவர்கள்தாம். நிகழ்ச்சிப் பகுதியில் பெரிய பொறுப்பில் இருப்பவர், நல்ல மனிதர், என் கதைகளைப் படித்திருப்பதாகச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஆரம்பித்த நாள் முதல் நீங்கள் போட்ட பழைய படங்களின் ஜாபிதா ஒன்று கிடைக்குமா?"

"அதெல்லாம் யார் சார் வச்சிருக்கா? அப்பப்போ லைப்ரரியில் எது கைக்கு வருதோ அதைப் போடறோம்."

"அப்படியானால் போன மாதம் இந்தச் சோப்பு விளம்பரம் எத்தனை தடவை வந்தது என்று கேட்டால்?"

"அது இருக்கே சார்!" அவர் முகம் மலர்ந்தது. "எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை நிமிஷம், எத்தனை செகண்டுன்னு டெலிகாஸ்ட் சர்டிபிகேட்டே கொடுப்போம். அது இல்லேன்னா பில் பாஸ் ஆகாதே!"

சொல்லிவிட்டு அவர் காப்பியைக் குடித்தார். தாம் சொன்னது என்னவென்று அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பத்து செகண்டு சோப்புக்குச் சர்டிபிகேட் உண்டு. அந்தச் சோப்பைச் சுமந்துகொண்டு வந்த இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒரு வரி இல்லை. கணக்கு வைக்கத் தெரியாதவர்கள், ஆள் பலம் இல்லாதவர்கள் என்றால் மன்னித்துவிடலாம். செகண்டு சுத்தமாக வைக்கத் தெரிந்தவர்கள்தாம் படத்துக்கு மட்டும் வைப்பதில்லை.

என் நோட்டு என்ன சொல்கிறது? சில படங்களுக்கு எதிரே கோடு போட்டுப் போட்டு இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, பின்பக்கம் திரும்பி, தாள் ஒட்டி எழுதியிருக்கிறேன். எல்லாம் நல்ல படங்கள். அவற்றின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வசனம் முழுக்க மனப்பாடம், சந்தோஷம். ஆனால் 1931லிருந்து 1947 வரை வெளிவந்த படங்களின் பெயர்களுக்கு எதிரே பார்த்தால் வெள்ளைக் காகிதந்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோடுகள். மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றைக்கும் பெருமை அடித்துக்கொள்கிறோமே, 'ஹரிதாஸ்' (1944), அதைப் பார்த்த இருபது வயசுப் பையன் ஒருவனை எனக்குக் காட்டுங்கள். தமிழ் சினிமா ஐம்பதுகளில் பிறந்து எழுபதுகளில் வளர்ந்தது என்று ஒரு தலைமுறை நம்பிக்கொண்டிருக்கிறது. யாரும் அவர்களுக்கு அப்படிப் பாடம் சொல்லவில்லை; பெட்டியில் வந்ததைப் பார்த்தார்கள், வராதது இல்லை என்று எண்ணிக்கொண்டார்கள்.

"பிரிண்டே இல்லாத படத்துக்கு நாங்க எங்கே சார் போறது?" என்று அந்த அன்பர் கேட்டார். பாதி நியாயம். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) போன இடம் தெரியாது. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமியே பிற்பாடு டைரக்ட் செய்த 'மிஸ் கமலா' (1936) இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாக நடித்த 'சேவாசதனம்' (1938) இல்லை. 1977ல் முதலமைச்சராகி நாட்டையே ஆண்டாரே எம்.ஜி.ஆர்., அவருடைய முதல் படமான 'சதி லீலாவதி' (1936) கூட இல்லை என்றால் மற்றவர்கள் படத்தின் கதி என்ன? அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட். பெட்டியில் கிடந்தபடியே மட்கிப் பொடியாகும், சூடு பட்டால் குபீரென்று பற்றும். பற்றாமல் தப்பியதை, அதில் இருக்கிற துளி வெள்ளிக்காகக் கரைத்து விற்றார்கள். 1964ல் பூனாவில் மத்திய சர்க்கார் தேசியத் திரைப்படக் காப்பகத்தை ஏற்படுத்துவதற்குள் பெரும்பாலும் காரியம் முடிந்துவிட்டது. அங்கே போய்ச் சேர்ந்த நைட்ரேட் சுருள்களிலும் ஒரு பெரும் பகுதி 2003 ஜனவரியில் தீயில் போயிற்று.

போனதற்கு அழலாம். ஆனால் 'தியாகபூமி' போகவில்லையே! பூனாக் காப்பகத்தில் இருக்கிறது. 2022ல் பழைய படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. உங்கள் பணம், என் பணம். உரிமைத் தகராறா? நம் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை, வெளியான மறு வருஷத்திலிருந்து 60 வருஷம். கதைக்கும் பாட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு என்பதை வக்கீல் நண்பர்கள் நினைவூட்டுவார்கள். சரி, அதையும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். நேற்று வெளிவந்த படத்துக்குக் கோடிக்கணக்கில் பேரம் பேசுகிறவர்களுக்கு இந்தப் பேச்சு வார்த்தையா தெரியாது?

பேசித் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டர்னர் கிளாஸிக் மூவீஸ் என்று ஒரு சானல், 1994 ஏப்ரல் 14ந் தேதி 'கான் வித் த விண்ட்' படத்தோடு தொடங்கியது. முதலாளி டெட் டர்னர் தர்மப் பிரபு அல்ல. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் பூசி எண்பதுகளில் ஊரெல்லாம் வசை வாங்கியவர். (தொண்ணூறுகளில் நம் வீடுகளில் குழந்தைகளின் கார்ட்டூன் முடிந்ததும் அதே அலைவரிசையில் டி.என்.டி. என்று பழைய ஹாலிவுட் படம் ஓடுமே, அதுவும் அவருடைய கடைதான்.) இருந்தாலும் அந்தச் சானலில் வெட்டு இல்லை, படத்துக்கு நடுவில் விளம்பரம் இல்லை. என்ன படம் என்றைக்கு வருகிறது என்று முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் வெளியாகும். ரசிகர்கள் அதை வைத்துக்கொண்டு, எந்தப் படம் எத்தனையாவது தடவை, எது இன்னும் வரவில்லை என்று என்னைப் போலவே கணக்கு எழுதுகிறார்கள். உலகத்தில் நான் ஒருவன்தான் பைத்தியம் என்று என் மனைவி இனிமேல் சொல்ல முடியாது.

அவர்கள் செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். 'கிங் காங்' எடுத்தவர்களில் ஒருவரான மெரியன் கூப்பர், ஆர்.கே.ஓ. கம்பெனி தமக்குப் பணம் பாக்கி என்று வழக்காடி, 1946ல் ராஜியாகி, ஆறு படங்களின் உரிமையைக் கையில் வாங்கிக்கொண்டார். 1933லிருந்து சில வருஷங்களுக்குள் வந்த படங்கள். ஐம்பதுகளின் நடுவில் நியூயார்க்கில் கொஞ்ச நாள் காட்டியதோடு சரி. அப்புறம் பொது ஜனங்கள் கண்ணில் படவில்லை. சானல்காரர்கள் அந்த உரிமையைத் துப்பறிந்து வாங்கி, பல காப்பகங்களில் தேடிச் சுருள்களைத் திரட்டி, புதுப் பிரதி எடுத்து, 2007 ஏப்ரலில் ஆறையும் காட்டினார்கள். 'எ மேன் டு ரிமெம்பர்' என்ற படத்துக்கு நெதர்லாந்தில் மட்டும் ஒரு பிரதி கிடைத்தது. டச்சு எழுத்து அடியில் ஓட ஓட அதையே போட்டார்கள். ஆறும் உலக மகா காவியங்களா என்றால் இல்லை. நம்முடைய படங்கள், நாம் காட்டாமல் யார் காட்டுவது என்ற ஒரு எண்ணம்.

"ஜனங்க பார்க்க மாட்டாங்க சார்" என்பது அன்பரின் அடுத்த அம்பு. 1964ல் வந்த 'கர்ணன்' படத்தைத் துடைத்துப் புதுப்பித்து 2012ல் தியேட்டர்களில் போட்டபோது, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வாரக்கணக்கில் கூட்டம் கூடியதே, அவர்கள் யார்? தேவர்களா? 'அந்த நாள்' 1954ல் வெளியானபோது பாட்டில்லாத படம் என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள்; வசூல் இல்லை. இன்று அதைப் புகழாத ஆள் இல்லை. எப்படி வந்தது இந்தப் புகழ்? மறுபடியும் மறுபடியும் யாரோ காட்டினார்கள், பார்த்தார்கள். முதல் வார வசூலைக் கொண்டு முடிவு கட்டியிருந்தால் அதுவும் 'சேவாசதன'த்தோடு சேர்ந்திருக்கும்.

'அந்த நாள்' என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். கொலை செய்தது யார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஊகித்துச் சொல்கிற கதை அது. ஒரு சானலில் ஒருநாள் போட்டார்கள். பார்க்கிறேன், பார்க்கிறேன், ஒரு சாட்சியையே காணோம்! விளம்பரத்துக்கு இடம் போதாமல் ஆசாமியைத் தூக்கிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் எதைக் கொண்டு கொலைகாரரைக் கண்டுபிடித்தாரோ, அவருக்கே வெளிச்சம். படத்துக்கு முன்னால் மட்டும் கணீரென்ற குரலில், 'காலத்தால் அழியாத காவியம்' என்று அறிவிப்பு. காலத்தால் அழியாதது கத்தரிக்கோலால் அழிகிறது. இன்னும் பல படங்களில் டைட்டிலையே காட்டுவதில்லை. காமிரா யார், கலை யார், பாட்டெழுதியது யார் என்று அந்த மனிதர்களின் பெயர் இருக்கிற ஒரே இடம் அதுதான். சம்பளப் பாக்கியோடு செத்தவர்கள் எத்தனை பேர் அதில் இருப்பார்கள்! அவர்களுக்கு மிஞ்சிய இரண்டு நிமிஷத்தையும் சோப்புக்காரனுக்கு விற்கிறோம்.

"எல்லாம் யூட்யூபில் இருக்கிறதே, எதற்கு இந்த ஒப்பாரி?" என்று என் தங்கை பிள்ளை கேட்கிறான். இருக்கிறது, அதன் மேல் இரண்டு கம்பெனி முத்திரையும், பிரதியின் பிரதியிலிருந்து எடுத்த மழைத் தூறலும் இருக்கின்றன. இன்று இருப்பது நாளைக்கு இல்லை. அதை விடுங்கள். பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? பெரியம்மாவுக்குத் 'தியாகபூமி' என்ற பெயர் தெரியும். அவனுக்கு யார் சொன்னார்கள்?

பிலிம் நியூஸ் ஆனந்தன் என்று ஒரு மனிதர் இருந்தார், 2016ல் காலமானார். வெளிவந்த தமிழ்ப் படங்களை எல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைத்த புண்ணியவான். எந்தக் கம்பெனியும் செய்யாத வேலையைத் தனி ஆளாக, பேனாவும் காகிதமுமாக, ஆயுசு முழுக்கச் செய்தார். வெளிவந்ததற்கு அவர் கணக்கு வைத்தார். காட்டியதற்கு யார் வைப்பது? நான் கேட்பது தர்மம் அல்ல. வருஷத்துக்கு ஒரு தரம், இன்னின்ன படம், இன்ன தேதி, முழு நீளம் இவ்வளவு, நாங்கள் காட்டியது இவ்வளவு என்று ஒரு ஜாபிதாவை வெளியிடுங்கள். சோப்புக்குக் கொடுக்கிற சர்டிபிகேட்டைப் படத்துக்கும் கொடுங்கள். அதை அச்சில் பார்த்தால், போட்டதையே போடுவதற்கு உங்களுக்கே கொஞ்சம் வெட்கம் வரும் என்பது என் நம்பிக்கை.

போன வாரம் என் நோட்டை ஜெராக்ஸ் எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒட்டுத் தாள்கள் உள்பட. கடைக்காரப் பையன் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடன் பாக்கியா சார்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். காப்பி கொடுத்த அந்த அன்பருக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். 'த' வரிசையில் ஒரு பெயரைச் சிவப்பு மையால் சுழித்து, எதிரே உள்ள காலி இடத்தில், "தேதி தெரிந்தால் குறித்து அனுப்பவும்" என்று எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.