விளம்பர வேகமும் வீட்டு வேகமும்

விதை மூட்டையில் கட்டிய அட்டையில் முளைப்புத் திறன் குறைந்தபட்சம் இவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். சான்று பெற்ற நெல் விதைக்கு அது 80 சதவிகிதம். அதற்குக் கீழே போனால் விவசாயி கேள்வி கேட்கலாம். வீட்டு இணைய இணைப்பை விற்பவர்களோ, "40 எம்.பி.பி.எஸ். வரை" என்கிறார்கள். (இது டாக்டர் பட்டமன்று, விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு.) சூட்சுமம் அந்த "வரை" என்ற சொல்லில் இருக்கிறது. அதிகபட்சத்தை மட்டும் சொல்லி விற்பது முறையான வியாபாரம் ஆகாது.

ஸ்ரீரங்கம் வீதிகளில் ஒரே கம்பத்தில் பல நிறுவனங்களின் கம்பிகள் தொங்குகின்றன. கிழக்கே திருவளர்ச்சோலை, கிளிக்கூடு, உத்தமர்சீலி என்று வாழைத் தோட்டங்களின் பக்கம் போகப் போக, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் தேவை குறையவில்லை. பிள்ளைகளின் படிப்பு, சிட்டா நகல், உழவன் செயலியில் விலை நிலவரம், நோய் கண்ட இலையைப் படமெடுத்து அனுப்புவது எல்லாம் இணையத்தில்தான்.

இதற்கெல்லாம் பெரிய திட்டம் வேண்டியதில்லை. 8 மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட். ஆகவே 40 எம்.பி.பி.எஸ். உண்மையாகவே கிடைத்தால் விநாடிக்கு 5 மெகாபைட். 100 மெகாபைட் படம் 20 விநாடியில் இறங்கிவிடும். சிறு விவசாயி வீட்டுக்கு இது தாராளம். 2020-ல் ஜியோ 30 எம்.பி.பி.எஸ். திட்டத்தை மாதம் 399 ரூபாய்க்கும், ஏர்டெல் 40 எம்.பி.பி.எஸ். திட்டத்தை 499 ரூபாய்க்கும் அறிவித்தன. இரண்டிலும் 18 சதவிகித ஜி.எஸ்.டி. தனி. 499 என்பது கையிலிருந்து போகும்போது 589 ஆகிவிடும். எந்தத் திட்டத்திலும் வரி சேர்ந்த தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

5 குதிரைத்திறன் மோட்டார் என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. குழாயில் விழும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். இங்கும் அப்படியே. பக்கத்து வீட்டில் இணைப்பு இருந்தால், இரவு 8 மணிக்கு, ஊரே படம் பார்க்கும் நேரத்தில், பெட்டிக்கு அருகில் நின்று கைப்பேசியில் வேகத்தை அளக்கலாம். டிராய் அமைப்பு 2016-ல் வெளியிட்ட மைஸ்பீட் செயலி இதற்கு உதவும். காலை 6 மணிக்கு அளந்த வேகத்தை நம்பக் கூடாது. படம் அனுப்பும் வேகத்தையும் தனியாகப் பார்ப்பது நல்லது.

வேகத்தைவிடப் பழுது நீக்கும் ஆளே முக்கியம். மட்டை விழுந்து கம்பி அறுந்து, 450 ரூபாய் இணைப்பு மாதத்தில் 10 நாள் கிடைக்கவில்லை என்றால், கிடைத்த நாளுக்கு 22 ரூபாய் 50 காசு விழுகிறது. 30 நாளும் கிடைக்கும் 600 ரூபாய் இணைப்பில் நாளுக்கு 20 ரூபாய்தான். மலிவு எது என்று இப்போது தெரியும். இன்னொன்று: பழைய செம்புக் கம்பித் தொலைபேசி மின்சாரம் போனாலும் பேசும், கண்ணாடி இழை இணைப்பின் பெட்டி அணைந்துவிடும். சிறிய பேட்டரிச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் பொருத்தும் கட்டணம் இல்லை என்று ஆசை காட்டுவார்கள். முதல் 3 மாதம் மாதக் கட்டணமே போதும். அதற்குள் ஒரு காற்றடி மழையாவது வந்துவிடும். கம்பி அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்பதும் தெரிந்துவிடும்.