ஏன் ஒளிகிறோம்?

"தப்புச் செய்தால் சாமி கண்ணைக் குத்தும்!" இந்தச் சொல்லைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை நம் ஊரில் உண்டா? பாலைச் சிந்தினாலும் இதே மிரட்டல். தம்பியைக் கிள்ளினாலும் இதே மிரட்டல். இதனால் நாம் தவறு செய்வதை விட்டோமோ இல்லையோ, தவறு செய்துவிட்டு ஒளிவதை நன்றாகக் கற்றுக்கொண்டோம்!

பாவம் செய்த நெஞ்சில் நாணமும் அச்சமும் எழுவது இயல்பு, எழவும் வேண்டும். வள்ளுவர் 'தீவினையச்சம்' என 21-ஆம் அதிகாரத்தையும், 'நாணுடைமை' என 102-ஆம் அதிகாரத்தையும் வகுத்திருக்கிறார். காலில் முள் தைத்தால் வலிக்கிறது. அந்த வலி நமக்குப் பகையன்று. முள் இருப்பதை அறிவிக்கும் நண்பன். ஆனால், முள்ளைப் பிடுங்காமல் காலை மறைத்துக்கொண்டு நடந்தால் சீழ் பிடிக்குமல்லவா?

விவிலியத்தில் தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். விலக்கப்பட்ட கனியை உண்ட ஆதாமும் ஏவாளும் முதலில் வெட்கப்பட்டார்கள். அத்தி இலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டார்கள். அடுத்து அஞ்சினார்கள், மரங்களுக்கிடையே ஒளிந்தார்கள். அதற்கும் அடுத்து, அவன் அவள்மீது பழி போட்டான். அவள் பாம்பின்மீது போட்டாள். ஆனால் இறைவன் என்ன செய்தார்? அவரே தேடி வந்து, அவன் எங்கே என்று கேட்டார். தண்டனை கொடுத்தார், உண்மைதான். எனினும், தோட்டத்தைவிட்டு அனுப்புமுன் தோலாடை செய்து உடுத்தியும் விட்டார். மனிதன் இலையால் மூட முடியாத வெட்கத்தை இறைவனே மூடினார்!

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் தவறிவிட்டேன். மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். அன்று முதல் அப்பாவின் சைக்கிள் மணி ஒலித்தாலே நெஞ்சு படபடக்கும். ஞாயிறு பூசையில் முன் வரிசையில் அமர்பவள், தூணுக்குப் பின்னால் போய் அமர்ந்தேன். நற்கருணை வாங்க எழவில்லை. ஏனென்று கேட்ட அம்மாவிடம் தலைவலி என்று இன்னொரு பொய் சொன்னேன். திருவருகைக் காலத்தில்தான் துணிந்து பாவசங்கீர்த்தனம் செய்தேன். குருவானவர் கடிந்துகொள்ளவில்லை. "அப்பாவிடமும் சொல்லிவிடு, அம்மா" என்றார். சொன்னேன். அப்பா சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் நீ இப்படித் தவித்திருக்க வேண்டாமே" என்றார். அவ்வளவுதான்! நான் அஞ்சிய அப்பா வேறு. வீட்டில் இருந்த அப்பா வேறு.

கடவுளைப் பற்றியும் நாம் இப்படித்தான் தவறாக எண்ணிக்கொள்கிறோம். யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் ஆண்டவருக்குத் துரோகம் செய்தவர்கள். ஒருவன் காட்டிக்கொடுத்தான், மற்றவர் மும்முறை மறுதலித்தார். இருவருமே மனம் நொந்தார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைத் தலைமைக் குருக்களிடம் திருப்பிக் கொண்டுபோனான், இயேசுவிடம் போகவில்லை. நம்பிக்கையிழந்து அழிந்தான். பேதுருவோ மனம் கசந்து அழுதார். பின்னர் திபேரியக் கடற்கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று அறிந்ததும், படகு கரை சேரும் வரை பொறுக்காமல் கடலிலே குதித்தார்! வெட்கம் இருவருக்கும் இருந்தது. ஒருவனை அது விலக்கியது. மற்றவரை அது ஆண்டவரிடம் ஓட வைத்தது.

தண்டனைக்கு அஞ்சி வரும் மனஸ்தாபமும் இறைவனின் கொடையே, ஆனால் அது நிறைவானதன்று என்று 1551-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் போதித்தது. அன்பினால் வருவதே உத்தம மனஸ்தாபம். 1973-இல் திருச்சபை இந்த அருட்சாதனத்தின் சடங்கைப் புதுப்பித்தபோது, 'ஒப்புரவு' என்ற கருத்துக்கு முதலிடம் தந்தது. ஒப்புரவு என்றால் பிரிந்தவர் மீண்டும் சேர்வது. ஆகவே அச்சம் வாசற்படி மட்டுமே. வாசற்படியிலேயே நின்றுவிட்டால் வீட்டுக்குள் போவது எப்போது?

நம் திருக்கழுக்குன்றத்து மலைக்கு உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து அமுதுண்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்போது அவை வருவதில்லை. சாபம் பெற்ற முனிவர்களே கழுகுகளாக வந்தார்கள் என்பது இந்து சகோதரர்கள் போற்றும் தலபுராணம். எனக்கு அதில் ஒன்று பிடித்திருக்கிறது: சாபம் பெற்றவர்கள் இருட்டில் பதுங்கவில்லை, பட்டப்பகலில் இறைவனைத் தேடி வந்தார்கள்!

பெற்றோரே, அருட்சகோதரியரே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். தவறு செய்தால் எங்களைத் திருத்துங்கள், தண்டிக்கவும் செய்யுங்கள். ஆனால், "சாமி கண்ணைக் குத்தும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சாமி உன்னைத் தேடுகிறார், வந்து சொல்" என்று சொல்லுங்கள். மிரட்டி வளர்த்த பிள்ளை பொய் சொல்லும். நம்பி வளர்த்த பிள்ளை உண்மை சொல்லும்.

தோழியரே, இன்று உங்களில் யாரேனும் ஏதேனும் ஒரு தூணுக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறீர்களா? எழுந்து வாருங்கள். நாம் ஒளிந்திருக்கும் இடம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறார் என்றால், நாமே வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதற்காகத்தானே!