300 மீட்டர் தள்ளி குவாரி... வீட்டுச் சுவருக்கு யார் பொறுப்பு?

தென்காசி மாவட்டம் திருவேங்கடம் வட்டாரம் கரிசல் பூமி. இந்த மாதிரி ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால் இரண்டு காரணம் சொல்லலாம். பக்கத்து கல்குவாரியில் வைத்த வெடி என்பார் வீட்டுக்காரர். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் கரிசல் மண்தான் காரணம் என்பார் குவாரிக்காரர். இரண்டுமே நடக்கக்கூடியவைதான். எது உண்மை என்று தெரிய, வெடி வைப்பதற்கு முன்னால் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். குவாரி அனுமதி நடைமுறையில் இருக்கும் ஓட்டை அங்கேதான்.

விதி என்ன சொல்கிறது?

அடிப்படை, 1959-ம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். இதன் 36(1-ஏ) விதிப்படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கப் புதிதாகக் குத்தகை தரக்கூடாது. 'குடியிருப்பு' என்றால் எது? வருவாய் ஆவணத்தில் கிராம நத்தமாகவோ வீட்டுமனையாகவோ இருக்கும் இடம், அல்லது முறைப்படி ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு. அதாவது ஆள் குடியிருந்தால் மட்டும் போதாது, காகிதத்திலும் அது வீடாக இருக்கணும். தோட்டத்து வீடுகளும், புறம்போக்கில் கட்டிய வீடுகளும் சிக்கலில் மாட்டுவது இதனால்தான்.

அனுமதி எப்படிக் கிடைக்கிறது?

குத்தகை தருபவர் மாவட்ட ஆட்சியர். அதற்கு முன் கனிமவளத் துறை சுரங்கத் திட்டத்தை ஏற்க வேண்டும். மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி வேண்டும். குவாரி இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் தேவை. 5 ஹெக்டேருக்குக் குறைவான சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்றானது, தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27-ல் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகுதான்.

300 மீட்டருக்குள் குடியிருப்பு உண்டா என்று விஏஓ சான்று கேட்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீடு, கோயில், தொழிற்கூடம் என்ற கணக்கும் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வீடுகளை எண்ணுவது வேறு, சுவரைப் பதிவு செய்வது வேறு.

அதிர்வுக்கு அளவு இருக்கா?

இருக்கு. சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குநரகத்தின் 1997-ம் ஆண்டு சுற்றறிக்கை, அதிர்வின் வேகத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. குவாரிக்குச் சொந்தமில்லாத வீடுகள் என்றால், 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வில் விநாடிக்கு 5 மி.மீ. தாண்டக்கூடாது. 8 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை 10 மி.மீ., அதற்கு மேல் 15 மி.மீ. பழமையான நினைவுச் சின்னங்களுக்கு இன்னும் கடுமை: குறைந்த அதிர்வெண்ணில் 2 மி.மீ.தான்.

இதிலிருந்து ஒன்று புரியும். வீட்டை உலுக்குவதை மீட்டர் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரே நொடியில் எவ்வளவு மருந்து வெடிக்கிறது, பாறை எப்படிப்பட்டது, வீடு எதில் கட்டியது என எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. 300 மீட்டர் தாண்டியிருக்கிறது என்பதாலேயே மண்சுவர் வீட்டுக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. அதிர்வை அளக்கக் கருவி வேண்டும். அது வீட்டுக்காரரிடம் இருக்காது.

2022 மே 14 இரவு, நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினார்கள், 4 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாவட்டம் முழுக்கக் குவாரிகளில் சோதனை நடந்தது. உயிர் போனால் ஆய்வு வருகிறது. சுவர் வெடித்தால் மனு மட்டும்தான் போகிறது.

வேறு வழி உண்டா?

அமெரிக்காவில் 1977-ல் வந்த சட்டம், நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஒரு வழி வைத்தது. வெடி வைக்கத் தொடங்குவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பு, அனுமதி பெற்ற இடத்திலிருந்து அரை மைலுக்குள், அதாவது சுமார் 800 மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு எழுத்தில் தகவல் தரணும். அவர்கள் கேட்டால், வீட்டின் அப்போதைய நிலையை ஆய்வு செய்து பதிவு பண்ணணும்.

இங்கேயும் அதைச் செய்ய முடியும். குத்தகை உத்தரவு கைக்கு வரும் முன், 500 மீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு வீட்டையும், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேதியுடன் படம்பிடித்து ஒரு நகலை வீட்டுக்காரரிடம் தர வேண்டும். அருகிலுள்ள வீட்டில் அதிர்வுமானி வைத்து, அளவை ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும். புதிதாக விரிசல் வந்தால், அது வெடியால் வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குத்தகைதாரருக்கு இருக்க வேண்டும்.

சின்னக் குவாரிக்கு இது செலவு என்பார்கள். செலவுதான். ஆனால் ஒழுங்காக வெடி வைக்கும் குவாரிக்காரரைப் பொய்ப் புகாரிலிருந்து காப்பதும் இதே பதிவுதான். ஜல்லி இல்லாமல் வீடு கட்ட முடியாது என்பதும் உண்மை. அதற்காக ஒருவர் வீட்டுக்கான ஜல்லி, இன்னொருவர் வீட்டுச் சுவரை விலையாகக் கேட்கக்கூடாது.

விதி மாறும் வரை மக்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. ஊர்ப்பக்கம் குவாரி வருகிறது என்று தெரிந்ததுமே சுவர், தளம், கிணறு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வைக்கலாம். அனுமதி நிபந்தனைகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வெடி வைத்த நாளையும் நேரத்தையும் நோட்டில் குறிக்கலாம். ஆனால் இது மக்கள் தலையில் விழ வேண்டிய வேலை இல்லை. அனுமதி தருகிற அரசு, கையெழுத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை.