இருசி என்று சொன்னவர்கள்

குழித்துறையில் ரயில் ஏறினால் பள்ளியாடிக்கு அடுத்தது இரணியல். நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நடக்கிற ஊர். 1968இல் வந்த அந்த நாவலை, ஒரு செட்டிச் சமூகத்தின் சடங்குகளையும் பேச்சையும் பதிவு செய்த படைப்பு என்றே இன்றுவரை பாராட்டி வருகிறோம். அந்தப் பாராட்டு போதாது. ஒரு பாவமும் அறியாத பெண்ணை ஊர் கூடிக் கொல்லாமல் கொல்கிற கதை அது.

நாவலின் நாயகன் திரவியின் அக்கா வாழப்போன வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறாள். ‘இருசி’ என்று அவள்மேல் பழி: இல்லறத்துக்கு லாயக்கற்ற உடம்பாம். கொடியவர்களைவிட நல்லவர்களே இந்த நாவலில் மனத்தை அதிகம் உறுத்துகிறார்கள். உண்ணாமலை ஆச்சிக்குப் பேரப்பிள்ளைகள் என்றால் உயிர். ஆனாலும் ஆச்சி நம்பி வளர்ந்த வழக்கங்களில் அந்தப் பெண்ணுக்கு ஒரு போக்கிடம் இல்லை. திரவிதான் முட்டி மோதுகிறான்.

‘தலைமுறைகள்’ வருவதற்கு எட்டு ஆண்டு முன்பு, 1960இல், அமெரிக்காவில் ஹார்ப்பர் லீயின் நாவல் வந்தது. அதில் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவன்மேல் பொய்யாகப் பாலியல் வழக்குப் போடுகிறார்கள். அவனுக்காவது நீதிமன்றம் இருந்தது. செயலிழந்த இடது கையைச் சுட்டிக்காட்டி வாதாட ஒரு வக்கீல் இருந்தார். அத்தனையும் கண்ணால் பார்த்த பிறகுதான் வெள்ளையர் ஜூரி அவனைக் குற்றவாளி என்றது. திரவியின் அக்கா எதைக் காட்டுவாள்? பழி விழுந்ததே உடம்பின்மேல். அதை எந்தச் சபையில் கொண்டு நிறுத்தி, யாரிடம் வாதாடுவது?

இன்று யாரும் வாய்விட்டு ‘இருசி’ என்பதில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்தால் “விசேஷம் ஒண்ணும் இல்லியா?” என்ற கேள்வி மட்டும் தவறாமல் வருகிறது, அதுவும் பெண்ணைப் பார்த்தே. மார்த்தாண்டத்து ஸ்கேன் சென்டர் பெஞ்சுகளைப் பாருங்கள். மடியில் பைல், பக்கத்தில் மாமியார். கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்க மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுக்கையில் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். பிறகு மயக்கம் கொடுத்து லேப்ராஸ்கோப்பி. எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் கணவன் வருகிறான். வராத வீடுகளும் உண்டு. அவன் கொடுக்க வேண்டியது ஒரு விந்து மாதிரி. ஊசியில்லை, வலியில்லை, அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது என்பது மருத்துவர்கள் அறிந்த உண்மை. இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள் மட்டும் அதை அறிந்துகொள்ள விரும்புவதில்லை.

இதைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்க நாங்கள் தயாராக இல்லை. சோதித்துப் பாராமல் ஒருத்திமேல் குறை சுமத்துவது அநியாயம். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற உறவுக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

‘தலைமுறைகள்’ நூலகத்தில் கிடைத்தால் எடுத்து வாசியுங்கள். உங்கள் வீட்டில் இப்படியொரு பேச்சு எழுந்தால், மருமகளின் பைலைத் திறக்கும் முன் மகனை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.