வேடர்களின் காட்டைப் பூட்டி வைத்து அவர்களையே காட்சிப் பொருளாக்குவதைக் கண்டிக்கின்றோம்

மருதனார்மடத்தில் இயங்கும் எமது சங்கம், ஓகஸ்ட் 9 உலகப் பழங்குடி மக்கள் தினத்தை முன்னிட்டு இவ்வறிக்கையை வெளியிடுகின்றது. இலங்கையின் வேடர் சமூகத்தைக் காட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதே காட்டைச் சுற்றிப் பார்க்க வருவோருக்கு அனுமதிச் சீட்டு விற்பதையும், அம்மக்களின் வழிபாட்டை உல்லாசப் பயணிகளின் பொழுதுபோக்காக மாற்றுவதையும் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

வேடர்களின் காட்டை உள்ளடக்கிய மாதுறு ஓயா தேசிய பூங்கா 1983 நவம்பரில் பிரகடனப்படுத்தப்பட்டது. மகாவலித் திட்டம் பெருங்காடுகளை வயலாகவும் குளமாகவும் மாற்றிய பின், அணைகளின் நீரேந்து பகுதியையும் இடம்பெயர்ந்த யானைகளையும் காக்க ஒரு காடு தேவைப்பட்டது. அத்தேவையை நாம் மறுக்கவில்லை. ஆனால் மரங்களைத் தறித்தவர்கள் வேடர்கள் அல்லர். தண்டனை மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது. தம்பானைப் பகுதிக் குடும்பங்கள் ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் ஊருவரிகே திசாஹாமி போக மறுத்து, 1998 இல் காலமாகும் வரை தம் மண்ணிலேயே இருந்தார். அவருடைய மகன் வன்னில அத்தோ 1996 இல் ஜெனீவா வரை சென்று ஐ.நா. பழங்குடி மக்கள் செயற்குழுவிடம் முறையிட்டார். 2007 இல் பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்த இலங்கை அரசு, அந்த முறைப்பாட்டுக்கு இன்றுவரை முழுமையான பதில் தரவில்லை.

1937 இன் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, தேசிய பூங்காவுக்குள் அனுமதி பெற்றுப் போகக்கூடியவர் விலங்குகளையும் தாவரங்களையும் பார்க்கவும் ஆராயவும் வருபவரே. கொழும்பிலிருந்து கமராவுடன் ஜீப்பில் வருபவர் விருந்தாளி. தேன் எடுக்கவும் மூலிகை பிடுங்கவும் போகிற வேடர் அத்துமீறியவர். பாட்டன் பூட்டன் தேனெடுத்த பாறைக்குப் போனவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவதை எந்த நியாயத்தில் ஏற்பது?

வேறு வழியில்லை என்று வனஜீவராசிகள் திணைக்களம் சொல்ல முடியாது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் எமது அடியார்களுக்காக, ஆண்டுதோறும் உகந்தையில் காட்டு வழி திறக்கப்படுகிறது. குமண, யால ஆகிய இரு தேசிய பூங்காக்களுக்கு ஊடாக, சிறுத்தையும் கரடியும் உலாவும் பாதையில், வேலும் கையுமாய் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். மரபை மதித்துத் திறக்கப்படும் அந்த வழியை நாம் நன்றியோடு வரவேற்கிறோம். யாழ்ப்பாணத்து அடியாருக்குக் கிடைக்கும் மதிப்பு, அந்தக் காடுகளின் ஆதிக்குடிகளுக்கு ஏன் இல்லை?

கிரி கொரஹ என்பது வேடர்கள் தம் முன்னோர் ஆவிகளை அழைத்து, முக்காலியில் வைத்த தேங்காய்ப் பால் சட்டியைச் சுற்றி ஆடும் சடங்கு. வேட்டை கிடைத்த நன்றியும் இறந்தவர்மேல் உள்ள பக்தியும் கலந்தது. இன்று வாகனம் வந்து நின்றதும் அந்த ஆட்டத்தை ஆடிக்காட்டச் சொல்கிறார்கள். கைபேசியில் படம் பிடித்து முடிந்ததும் அடுத்த இடத்துக்குப் புறப்படுகிறார்கள். இது புதிய வழக்கமும் அல்ல. வேடர்களை ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூலிலேயே, வந்தவர்களுக்குக் காட்டுவதற்கென அழைத்து வரப்பட்ட வேடர்களைப் பற்றிய குறிப்பு உண்டு. ஆடலையும் இசையையும் கற்பிக்கும் இராமநாதன் நுண்கலைப் பீடம் இருக்கும் ஊரிலிருந்து எழுதுகிறோம். சடங்கை யார் முன், எப்போது ஆடுவது என்பதை ஆடுபவரே தீர்மானிக்க வேண்டும். வருமானத்துக்காக அவர்களே விரும்பி ஆடினால் அது அவர்கள் உரிமை. காட்டை இழந்ததால் வேறு பிழைப்பின்றி ஆடுவதை விருப்பம் என்று எவரும் சொல்லக் கூடாது.

எமது பக்கத்துத் தவறையும் இங்கே கண்டிக்கின்றோம். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட ஒரு சுற்றுலாவின் துண்டுப்பிரசுரத்தில், பார்க்கக் கிடைப்பவை என்ற தலைப்பின் கீழ் யானை, மான், மயில் என வந்த வரிசையில் நான்காவதாக ஆதிவாசிகள் என்று அச்சாகியிருந்தது. அதை அச்சிட்டவரும் தமிழர், காசு கட்டிப் போனவர்களும் தமிழர். வாகரை, வெருகல், மூதூர்ப் பக்கங்களில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்களை அரச பதிவுகள் தமிழர் என்று மட்டும் எழுதித் தனி அடையாளத்தை மறைக்கின்றன. நாமோ அவர்களைத் தாழ்ந்தவர்களாக நடத்துகிறோம். வள்ளியை வேடர் குலத்து மகள் என்று கும்பிடுபவர்கள், பாதயாத்திரை வழியில் அக்குலத்தாரின் கிராமங்களைக் கடந்து போகிறார்கள். அங்கே உட்கார்ந்து அவர்களோடு பேசுபவர் எத்தனை பேர்?

2020 இல் வேடர்கள் வாழும் பொல்லெபெத்த, ரம்பக்கன் ஓயா பகுதியில் சோளச் செய்கைக்காகக் காடு அழிக்கப்பட்டதை எதிர்த்து வன்னில அத்தோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார். தேன் எடுத்தால் குற்றம், கனரக இயந்திரம் கொண்டு அழித்தால் அபிவிருத்தி என்ற இந்த நடைமுறை உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்.

மாதுறு ஓயாவுக்குள் தேன், மூலிகை, கிழங்கு எடுக்கவும் முன்னோர் தலங்களில் சடங்கு செய்யவும் வேடர்களுக்குச் சட்டபூர்வமான நுழைவுரிமை வழங்கப்பட வேண்டும். பூங்கா முகாமைத்துவத்திலும் நுழைவுக் கட்டண வருமானத்திலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும். கரையோர வேடர்கள் விரும்பினால் தனிச் சமூகமாகப் பதியப்பட வேண்டும். வட பகுதிச் சுற்றுலா ஒழுங்கமைப்பாளர்கள், மனிதரைக் காட்சிப் பட்டியலில் சேர்க்கும் விளம்பரங்களை உடனே மீளப்பெற வேண்டும். பெறாதவர்களின் பயணங்களைப் புறக்கணிக்குமாறு பாடசாலைகளையும் ஆலய பரிபாலன சபைகளையும் கேட்டுக்கொள்கின்றோம்.

நிர்வாகக் குழு,
மருதனார்மடம்.