பெயர் மட்டும் எஞ்சிய லேலண்ட்: பிரித்தானியப் பேருந்துச் சந்தை புகட்டும் பாடம்

2025 ஆம் ஆண்டு ஐரோப்பாவில் பேருந்து செய்வோருக்குச் சோதனை மிகுந்த ஆண்டாக அமைந்தது. மார்ச் மாதத்தில், சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த சுவிச் மொபிலிற்றி நிறுவனம், இங்கிலாந்தின் யோக்சயர் பகுதியில் உள்ள தனது தொழிற்சாலையில் பேருந்து உற்பத்தியை நிறுத்தும் திட்டத்தை வெளியிட்டது. ஜூன் மாதத்தில், பிரித்தானியாவின் மிகப்பெரிய பேருந்து உற்பத்தியாளரான அலெக்சாண்டர் டெனிஸ், ஸ்கொட்லாந்தில் உள்ள தனது தொழிற்கூடங்களை மூடுவது குறித்து ஆலோசிப்பதாகவும், அதனால் 400 வரையிலான வேலைகள் இழக்கப்படலாம் எனவும் தெரிவித்தது. ஜூலை இறுதியில், இத்தாலியின் இவெக்கோ நிறுவனத்தை ஏறத்தாழ 380 கோடி யூரோவுக்கு வாங்கும் உடன்பாட்டை இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ் அறிவித்தது.

லண்டனிலும் லீட்ஸிலும் நடப்பது பலேர்மோவில் வாழும் நமக்கு எதற்கு என்று வாசகர்கள் சிலர் எண்ணக்கூடும். விடியற்காலையில் வீட்டுப் பணிக்கும் உணவகப் பணிக்கும் புறப்படும் நம்மவர்களிற் பெரும்பாலோர் பேருந்தையே நம்பியிருக்கின்றனர். அந்த வண்டி எங்கே செய்யப்பட்டது, யார் வாங்கினார், ஏன் அந்த வகையை வாங்கினார் என்பன அவர்களது அன்றாட வாழ்வைத் தொடும் வினாக்களாகும். இவ்வினாக்களுக்கான விடையைப் பிரித்தானியாவின் அனுபவமே மிகத் தெளிவாகக் காட்டுகின்றது.

ஈழத்து வீதிகளில் லேலண்ட்

லேலண்ட் என்பது வட இங்கிலாந்தில், லங்காசயரில் உள்ள ஒரு சிறு நகரத்தின் பெயர். அங்கே பிறந்த நிறுவனம் பிரித்தானியப் பேரரசின் பாதைகளெங்கும் தனது வண்டிகளை ஓடவிட்டது. 1958 ஜனவரி முதலாம் நாள் இலங்கையில் பேருந்துச் சேவை அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய போது, அதன் சாலைகளை நிரப்பியவற்றுள் பிரித்தானிய வண்டிகள் முதன்மையான இடத்தை வகித்தன. லண்டன் மாநகரில் ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறி இலங்கைக்கு வந்து சேர்ந்தன. லண்டனுக்குப் பழையது கொழும்புக்குப் புதியதாயிற்று.

தமிழகத்தில் கதை வேறு வகையில் வளர்ந்தது. 1948 இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில், ஒஸ்ரின் கார்களைப் பூட்டுவதற்காகத் தொடங்கப்பட்ட எண்ணூர் நிறுவனம், பின்னர் லேலண்டுடன் கைகோத்து, 1955 இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தாய் நிறுவனம் லங்காசயரில். பிள்ளை சென்னையின் வடக்கே. 1982 இல் லங்கா அசோக் லேலண்ட் உருவான பின்னர், இலங்கை வீதிகளிலும் எண்ணூர் வண்டிகள் இடம்பிடித்தன.

வண்டியின் வடிவத்தைத் தீர்மானிப்பது யார்?

பேருந்தின் வடிவத்தைப் பொறியியலாளரே தீர்மானிக்கின்றனர் என்பது பொதுவான எண்ணம். பிரித்தானிய வரலாறு அதற்கு மாறானதைச் சொல்கின்றது. வண்டிக்குப் பணம் கொடுப்பவர் விதிக்கும் நிபந்தனையே அதன் உருவத்தைத் தீர்மானித்து வந்துள்ளது.

1968 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் புதிய பேருந்துகளின் விலையில் ஒரு பங்கை அரசே மானியமாக வழங்க வழிசெய்தது. ஆனால் நடத்துனர் இன்றிச் சாரதி ஒருவரே இயக்கத்தக்க வண்டிகளுக்கே அம்மானியம் கிடைத்தது. பின்புறம் திறந்த மேடையும், இயந்திரத்தை முன்புறத்திலும் கொண்ட பழைய வகை இரட்டைத்தட்டு வண்டிகளின் காலம் அத்துடன் முடிந்தது. புகழ்பெற்ற ரூட்மாஸ்ரர் வண்டியின் உற்பத்தி நின்றதும் அதே 1968 இல்தான். வண்டியிற் குறை கண்டு யாரும் அதனை ஒதுக்கவில்லை. அது 2005 டிசம்பர் வரை லண்டனின் வழமையான சேவையில் ஓடியது. இயந்திரம் பின்னால், வாயில் முன்னால் என அமைந்த லேலண்டின் அற்லான்ரியன் போன்ற வண்டிகள் அவ்விடத்தைப் பிடித்தன. பல்லாயிரம் நடத்துனர்களின் வேலை மெல்ல மெல்ல மறைந்தது.

அரசு மானியமும் அரசு நிறுவனங்களின் கொள்வனவும் சேர்ந்து லேலண்டுக்கு நிலையான சந்தையைக் கொடுத்தன. ஆனால் நிலையான சந்தை சோம்பலையும் கொடுத்தது. வாங்குவோரின் குறைகளுக்குச் செவிசாய்க்காத நிறுவனம் என்ற பெயரை அது எடுத்துக்கொண்டது.

1986: ஒரே நாளில் மாறிய சந்தை

தட்சர் அம்மையாரின் அரசு முதலில் மானியத்தை நிறுத்தியது. பின்னர் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, 1986 ஒக்ரோபர் 26 முதல் லண்டனுக்கு வெளியே பேருந்துச் சேவையைக் கட்டுப்பாடுகளில் இருந்து விடுவித்தது. உரிமம் பெற்ற எவரும் தாம் விரும்பிய பாதையில் வண்டி விடலாம். அரச நிறுவனங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. லண்டனில் மட்டும் பாதைகள் கேள்விப்பத்திர முறையில் தனியாருக்கு ஒப்படைக்கப்பட்டன.

நாளை தமது பாதையில் எவர் போட்டிக்கு வருவார் என்று தெரியாத முதலாளி, பதினைந்து ஆண்டுகள் உழைக்கும் பெரிய வண்டிக்குப் பணம் முடக்கத் துணியவில்லை. 1984 இல் எக்சிற்றர் நகரில் சரக்கு வண்டியைத் திருத்தி அமைத்த பதினாறு இருக்கைச் சிற்றுந்துகள் வெற்றியுடன் ஓடத் தொடங்கியிருந்தன. எல்லோரும் அவ்வழியே சென்றனர். பெரிய பேருந்துகளுக்கான கட்டளைகள் பெருமளவு சரிந்தன. யாழ்ப்பாணத்தில் இ.போ.ச. வண்டிகள் அருகிய பின்னர் தனியார் சிற்றுந்துகளில் நெருக்குண்டு பயணித்த நம்மவர்க்கு இந்த மாற்றத்தின் பொருளை விளக்கத் தேவையில்லை.

விளைவு விரைவாகவே வந்தது. 1987 ஜனவரியில் லேலண்டின் பேருந்துப் பிரிவு அதன் முகாமையாளர்களுக்கே விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது சுவீடனின் வொல்வோ கைக்கு மாறியது. 1971 இல் அரசின் ஆதரவுடன் வேர்க்கிங்ரனில் திறக்கப்பட்ட நவீன தொழிற்சாலையும் 1990களின் தொடக்கத்தில் லேலண்ட் பேருந்து உற்பத்தியை நிறுத்தியது. பிரித்தானியப் பேருந்துகளில் இருந்து லேலண்ட் என்ற பெயர் மறைந்தது. அப்பெயர் எஞ்சியது எண்ணூரில்தான்.

அதே 1987 இல் அசோக் லேலண்டில் பிரித்தானியர் வைத்திருந்த பங்குகளை இந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெக்கோவும் கூட்டாக வாங்கின. ஆக, பலேர்மோ வீதிகளில் ஓடும் வண்டிகளைச் செய்யும் அதே இவெக்கோ, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எண்ணூரின் பங்காளியாகவும் இருந்தது. 2007 இல் இந்துஜா குழுமம் இவெக்கோவின் பங்கையும் வாங்கிக்கொண்டது.

பிள்ளை வாங்கிய பேரன்

லேலண்டின் கீழிருந்த லீட்ஸ் நகரத்து வண்டிக்கூடு தொழிற்சாலை ஒன்று 1984 இல் மூடப்பட்டது. வேலையிழந்தோர் சிலர் ஒன்றிணைந்து 1985 இல் ஒப்ரயர் என்ற பெயரில் அதனை மீண்டும் திறந்தனர். இலகுவாக ஏறி இறங்கத்தக்க தாழ்தளச் சிறு பேருந்துகளால் அந்நிறுவனம் பெயர் பெற்றது. 2010 இல் அதில் ஒரு பகுதியையும் 2012 இல் பெரும்பான்மைப் பங்கையும் அசோக் லேலண்ட் வாங்கியது. லங்காசயர் நிறுவனத்தின் சென்னைப் பிள்ளை, அதே நிறுவனத்தின் இங்கிலாந்துப் பேரனைத் தத்தெடுத்துக்கொண்டது எனலாம். முன்னைய குடியேற்ற நாட்டின் மூலதனம் ஆண்ட நாட்டின் தொழிற்சாலையை வாங்கியதில் பலர் பெருமிதம் கொண்டனர்.

பின்னர் ஒப்ரயர், சுவிச் மொபிலிற்றி என்ற புதிய பெயரில் மின்சாரப் பேருந்துகளில் கவனம் செலுத்தியது. ஆயினும் 2025 இல் யோக்சயர் உற்பத்தியை நிறுத்தும் முடிவு வந்தபோது, அங்கு பாதிப்புக்கு உள்ளானவர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். மூலதனத்துக்கு ஊர்ப்பற்று கிடையாது. அது லண்டனில் இருந்து வந்தாலும் சென்னையில் இருந்து வந்தாலும் கணக்கேட்டையே முதலில் புரட்டுகின்றது.

மின்சார வண்டியும் சீனப் போட்டியும்

இன்று வண்டியின் வடிவத்தைத் தீர்மானிக்கும் நிபந்தனை சூழல் பாதுகாப்பாகும். லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 2021 முதல் சேவைக்கு வரும் புதிய பேருந்துகள் யாவும் புகை வெளியிடாதவையாக இருக்க வேண்டும் என்றது. ஏனைய நகரங்களுக்கு அரசு மானியம் வழங்கியது. மின்சாரப் பேருந்தின் கொள்விலை டீசல் வண்டியை விட மிக அதிகம். ஓட்டும் செலவோ குறைவு. ஆதலால் முதலில் போடும் பணம் எவரிடம் உண்டு என்பதே கேள்வியாகின்றது.

அந்த வண்டியின் விலையிற் கணிசமான பங்கு மின்கலத்துக்கு உரியது. மின்கலத் தொழிலில் சீனா முன்னணியில் நிற்கின்றது. அலெக்சாண்டர் டெனிஸ் தொடக்கத்தில் சீனாவின் பி.வை.டி. நிறுவனத்திடம் அடிச்சட்டமும் மின்கலமும் பெற்று, அதன்மேல் தனது வண்டிக்கூட்டைப் பொருத்தியே லண்டனுக்கு மின்சாரப் பேருந்துகளை வழங்கியது. 2024 இல் பி.வை.டி. லண்டனுக்கெனத் தனது சொந்த இரட்டைத்தட்டு வண்டியை அறிமுகப்படுத்தியது. நேற்றைய பங்காளி இன்று போட்டியாளராகிவிட்டார். யூத்தொங் என்ற மற்றொரு சீன நிறுவனத்தின் வண்டிகளும் பிரித்தானிய நகரங்களில் பெருகியுள்ளன. மக்களின் வரிப்பணத்தில் இருந்து வழங்கப்படும் மானியம் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றது என்று பிரித்தானிய உற்பத்தியாளரும் தொழிற்சங்கங்களும் முறையிடுகின்றனர். மலிவாகவும் விரைவாகவும் கிடைப்பதை வாங்காவிடில் பயணிக்கே நட்டம் என்பது பேருந்து நிறுவனங்களின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு.

எனினும் மூடுவிழா தவிர்க்க முடியாத விதியன்று. வட அயர்லாந்தின் ரைற்பஸ் நிறுவனம் 2019 செப்ரெம்பரில் முறிவடைந்து ஏறத்தாழ 1,200 பேர் வேலையிழந்தனர். அடுத்த மாதமே புதிய உரிமையாளர் கையில் அது மீண்டெழுந்தது. இன்று மின்சார வண்டிகளையும் ஐதரசன் வண்டிகளையும் செய்கின்றது. அலெக்சாண்டர் டெனிஸ் விடயத்திலும், தொழிலாளர் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஏற்க ஸ்கொட்லாந்து அரசு முன்வந்ததை அடுத்து, 2025 செப்ரெம்பரில் மூடும் திட்டம் கைவிடப்பட்டது. அங்கும் நிறுவனம் வேண்டி நின்றது தொடர்ச்சியான கட்டளைகளையே.

இத்தாலியில் அதே கதை

இத்தாலியும் இதே பாதையில் நடந்துள்ளது. கம்பானியா மாநிலத்தின் புளுமேரியில் இருந்த பேருந்துத் தொழிற்சாலையை பியட் குழுமம் 2011 இல் மூடியது. பலேர்மோவுக்குக் கிழக்கே உள்ள தேர்மினி இமெரேசேயில் 1970 முதல் இயங்கிய பியட் கார்த் தொழிற்சாலையும் அதே ஆண்டு நவம்பரில் தனது கடைசிக் காரை வெளியே அனுப்பியது. அதன் வடு இன்றும் சிசிலியில் ஆறவில்லை. புளுமேரி பின்னர் பொலோஞ்ஞாவின் தொழிற்சாலையுடன் இணைக்கப்பட்டுப் புதிய நிறுவனமாகத் திறக்கப்பட்ட போதிலும், உரிமையாளர் மாறுவதும் அரசு கைகொடுப்பதுமாகவே அதன் காலம் கழிந்து வந்துள்ளது. இவெக்கோவோ தனது பேருந்துகளில் பெரும்பகுதியைப் பிரான்சிலும் செக் நாட்டிலும் செய்து வந்தது. இத்தாலியப் பெயர் தாங்கிய வண்டி இத்தாலியில்தான் பிறந்தது என்பதற்கு உறுதி கிடையாது.

பலேர்மோவின் போக்குவரத்து நிறுவனமான அமாத் மாநகரசபைக்குச் சொந்தமானது. 2015 டிசம்பர் 30 அன்று ட்ராம் சேவை தொடங்கிய பின்னரும் நகரின் பெரும்பகுதிக்குப் பேருந்தே கதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் மீட்பு நிதியில் இருந்து மின்சாரப் பேருந்துகளுக்கென இத்தாலிய நகரங்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் அப்பணம் வண்டியை வாங்கித் தருமே ஒழிய, அதனை ஓட்டும் சாரதியையும் பழுதுபார்க்கும் தொழிலாளியையும் தராது. சாரதி இல்லாத புதிய வண்டி, தரிப்பிடத்தில் காத்து நிற்கும் பயணிக்குப் பழைய வண்டியை விடப் பயனற்றது.

நாம் கற்க வேண்டியது

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் யாழ்ப்பாண மக்கள். எரிபொருள் மாறினால் வண்டியும் மாறும், தொழிலும் மாறும் என்பதை அவர்களிலும் நன்கறிந்தவர் இலர். இன்று ஐரோப்பாவில் நிகழ்வதும் எரிபொருள் மாற்றமே. டீசல் இயந்திரம் அறிந்த தொழிலாளியின் இடத்துக்கு உயர் மின்னழுத்தமும் மின்கலமும் அறிந்தவர் தேவைப்படுகின்றனர். தொழிற்கல்வியைத் தெரிவு செய்யும் வயதில் இங்கு வளரும் நமது பிள்ளைகளுக்கு இது கவனிக்க வேண்டிய துறை.

மற்றொன்று, பயணியின் குரல். நடத்துனர் நீக்கப்பட்டபோதும், சிற்றுந்து வந்தபோதும் பயணியிடம் எவரும் கேட்கவில்லை. விதிவிலக்காக, மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாகவே, 2017க்குள் பிரித்தானியாவின் வழமையான பேருந்துச் சேவைகளில் சக்கர நாற்காலி ஏறத்தக்க வண்டிகள் கட்டாயமாயின. குழந்தை வண்டியுடன் ஏறும் தாய்மாரும் முதியோரும் அதன் பயனை அனுபவிக்கின்றனர். கேட்டவர்க்குக் கிடைத்தது, கேளாதவர்க்கும் சேர்த்துக் கிடைத்தது.

வாக்குரிமை அற்ற அகதியும் பயணச்சீட்டு வாங்கும் பயணியே. எந்தப் பாதையில் விடியற்காலை வண்டி வரவில்லை, எந்தத் தரிப்பிடத்தில் நிழல் இல்லை என்பதை எழுதிக் கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை. நமது சங்கங்கள் விழாக்களுக்கு மண்டபம் கேட்டு மாநகரசபைக்கு விண்ணப்பிக்கின்றன. பேருந்து கேட்டும் விண்ணப்பிக்கலாம். புதிய வண்டிகளுக்கான பணம் பங்கிடப்படும் இக்காலமே அதற்கு ஏற்ற காலமாகும்.