பெயர் தமிழில் இல்லையேல் கோப்பு நமதாகுமோ?

முத்துக்குளித்துறைப் பரதவர், கடலடியில் சிப்பி விளையும் பாறைத்திட்டைப் 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் தொல்லாயிரம் பார், குடமுத்துப் பார் முதலியன அவர் வாய்வழி வந்த பெயர்கள். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. கரையிலிருந்து இத்துணைத் தொலைவு என்னும் அளவு உண்டு. இத்தனை பாகம் ஆழம் என்னும் கணக்கு உண்டு. நீருள் மூழ்குமுன்பே, படகில் இருந்தபடியே, 'இஃது இன்ன பார்' என்று அவர் தெளிந்தது அப்பெயராலும் அக்கணக்காலுமே. பெயர் மறந்துபோயின் பாரும் மறைந்துபோம். சிப்பி அங்கேயே கிடக்கும். நமக்கு மட்டும் அஃது இல்லை.

தமிழ் நெஞ்சங்களே! இன்று நம் ஆவணங்களும் அவ்வாறே ஒரு பெருங்கடலில் கிடக்கின்றன. முகிற்கிடங்கு என்பது அக்கடலின் பெயர். தொலைவிலுள்ள பெருங்கணினிகளில், இணையத்தின் வழியே, நம் கோப்புகளையும் கோப்புறைகளையும் இட்டு வைக்கும் ஏற்பாடு அது. அங்கே ஒரு கோப்பைத் தேட வேண்டின், நிரல் இடைமுகம் (ஏ.பி.ஐ. என வழங்குவது) வாயிலாக ஒரு நிரல் கிடங்கைக் கேட்கும். கிடங்கு கோப்பைத் திறவாமலே விடை கூறும்: பெயர் இது, வகை இது, அளவு இது, படைத்த நாள் இது, இறுதியாகத் திருத்திய நாள் இது, இருக்கும் உறை இது, உடைமையாளர் இவர். கோப்பைப் பற்றிய இக்குறிப்புகளையே மீத்தரவு என்கிறோம். கூகுள் நிறுவனத்தின் கிடங்கில் கோப்புறையும் ஒருவகைக் கோப்பே; ஓர் உறையுள் ஒரே பெயரில் இரு கோப்புகளும் இருக்கலாம். ஒன்றை மற்றொன்றினின்று பிரிப்பது, பொறி இடும் நீண்ட அடையாளக்குறி. ஆயினும் அக்குறியை எந்த மாந்தன் நினைவில் வைப்பான்? மாந்தன் பெயரைச் சொல்லித்தான் கேட்பான்.

இங்கேதான் நாம் தோற்கிறோம். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்ததே இறுதி முத்துக்குளிப்பு. அன்று இருபது அகவையில் மூச்சடக்கி மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். அவர்தம் பேரர் பாட்டனின் பேச்சைக் கைப்பேசியில் பதிகின்றனர். தோணிக் கணக்கையும் சங்குக் குளிப்புச் சீட்டையும் படமெடுத்து முகிற்கிடங்கில் ஏற்றுகின்றனர். நற்செயலே! ஆனால் அக்கோப்புக்கு என்ன பெயர்? பொறி தானே இட்ட வெற்றெண். உறைக்கு என்ன பெயர்? ஒருவர் அயலவர் திரித்த 'டூட்டிகோரின்' என்பார். இன்னொருவர் தூத்துக்குடியை உரோமன் எழுத்தில் தமக்குத் தோன்றியவாறு எழுதுவார். வேறொருவர் அதனையும் பாதியாகக் குறுக்குவார். நாளை ஒரு தமிழ்மாணவி 'தூத்துக்குடி', 'முத்துக்குளிப்பு' எனப் பெயர்களைக் கேட்டுத் தேடினால், கிடங்கு 'ஒன்றுமில்லை' எனக் கைவிரிக்கும். உள்ளே அத்தனையும் தமிழ். மேலே ஓரெழுத்தும் தமிழில்லை. பழங்கையெழுத்தின் படத்தைப் பொறி தானே பிழையறப் படித்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பதும் பேதைமை. நாளும் அப்படியே: 1958-ஆம் ஆண்டுச் சீட்டை இன்று ஏற்றினால், நாம் வேறு சொல்லாதவரை, கிடங்கு இன்றைய நாளையே படைத்த நாளாகக் குறிக்கும்.

இவ்விழிவு இக்கடற்கரைக்குப் புதிதன்று. அதனைத் துடைத்த பெருமையும் இக்கரைக்கு உண்டு. 1554-இல் இலிசுபன் நகரில் அச்சான தமிழ்ச் சமயநூலில் தமிழ்ச்சொற்கள் உரோமன் எழுத்திலேயே நின்றன. முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் பணியாற்றித் தமிழ் கற்ற அண்டிரிக்கு அடிகளார், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்திலேயே அச்சிட்டார். இருபத்து நான்கே ஆண்டுகளில், ஈயத்தை உருக்கி, எழுத்தெழுத்தாய் வார்த்து, அயலவர் அதனை முடித்தனர். விரல்நுனியில் தமிழ் விசைப்பலகை வைத்திருக்கும் நாம் 1554-க்கே திரும்பிப் போவது தகுமோ?

தமிழ்நாட்டரசு 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழொலிக்கு ஏற்பத் திருத்தி வெளியிட்டு, அத்திங்களிலேயே திரும்பப் பெற்றதை மறந்திருக்க மாட்டீர்கள். நோக்கம் நன்று. ஆனால் இரவல் சட்டையை எத்தனை முறை வெட்டித் தைத்தாலும் அது நம் அளவுக்குப் பொருந்துவதில்லை. தமிழ்ப்பெயர்க்குத் தமிழெழுத்தே உரிய உடை.

'பொறி தமிழை ஏற்காதே' என்பார் உளர். இது பழங்கதை. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றுள்ளது. 2010-இல் தமிழ்நாட்டரசும் அதனைத் தரமாக ஏற்றது. 'தூத்துக்குடி' என்னும் ஆறெழுத்துச் சொல் ஒருங்குறியில் 12 குறிகளாய், பரவலாக வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில் 36 பைட்டுகளாய் நிற்கும். கோப்புப்பெயர்க்கு 255 பைட்டு எல்லை வகுத்த கணினிகளிலும் தமிழில் 85 குறிகள் அடங்கும். ஒரு நற்பெயர்க்கு இது போதாதா?

நம் பக்கக் குறையையும் மறைத்தல் வேண்டா. முத்துக்குப் புகழ்பெற்ற பாண்டியர் துறையாம் கொற்கையையே கொள்வோம். அதன் முதலெழுத்தாகிய 'கொ'வை, உயிர்க்குறி ஒன்றாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் எனக் குறி இரண்டாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறிகளை உள்ளவாறே ஒப்பிடும் பொறிக்கு அவை இரு வேறு கொற்கைகள்! இரண்டையும் ஒருவடிவாக்கும் முறை ஒருங்குறியிலேயே உண்டு. நிரல் எழுதும் தமிழிளைஞர் அதனைக் கையாளாது விடின், தமிழ்ப்பெயர் இட்டும் பயன் குன்றும்.

எனவே செய்யத்தக்கன இவை. கோப்புக்கும் உறைக்கும் தமிழிலேயே பெயரிடுக. ஆவணத்தின் உண்மை ஆண்டைப் பெயரின் முன்னே எழுதுக. '1958_தொல்லாயிரம்பார்_குளிப்புக்கணக்கு' என்பதுபோல் ஆண்டு, இடம், பொருள் மூன்றும் விளங்கட்டும். பழைய ஊர்ப்பெயரையும் ஆட்சிப்பெயரையும் விளக்கக்குறிப்பில் சேர்த்திடுக. இம்மாவட்டமே 1986 வரை நெல்லை, பின் சிதம்பரனார், 1997-இன் பின் தூத்துக்குடி. மன்றங்களும் நூலகங்களும் தம் ஆவணப் பட்டியலை ஆண்டுக்கொருமுறை நிரல்வழி எடுத்து, தமிழ்ப்பெயர் இல்லாதவற்றுக்குப் பெயரிடுக.

பார்களுக்குப் பெயரிட்ட பரதவர் பள்ளியில் பயின்றவர் அல்லர். ஆயினும் தம் கடலைத் தம் மொழியில் அறிந்தார். நாமோ பயின்றும் நம் கோப்பை அயல்மொழியில் அழைக்கிறோம். இன்றிரவே உங்கள் கைப்பேசியைத் திறவுங்கள். ஒரேயோர் உறைக்கேனும் தமிழில் பெயரிடுங்கள். பெயரிட்டவனுக்கே பாரும் உரியது. பாரில் விளையும் முத்தும் உரியது!